தீவுக் கவுன்சிலுக்கு ஒரு மொட்டைக் கடிதம்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
9 பெப்ரவரி 1986

அன்புள்ள தம்பி பாலேந்திராவுக்கு,

நானும் அண்ணியும் சுகம். உன் சுகத்தை நீயே நாடி பிடித்துப் பார்த்து எழுது. அந்தத் தீவில் உன்னைத் தவிர வேறு டொக்டர் இல்லை என்று கேள்வி.

நீ கப்பல் ஏறிய பிறகுதான் லைப்ரரிக்குப் போய் அட்லஸை விரித்தேன். ட்ரிஸ்டான் டா குன்யா. தென் அத்திலாந்திக்கில் ஒரு புள்ளி. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் புள்ளிதான். லைப்ரரிக்காரி தேடித் தந்த புத்தகத்தில் குடிசனம் ஏறக்குறைய முந்நூறு என்று போட்டிருக்கிறது. கேப் டவுனிலிருந்து கப்பலில் ஒரு கிழமை. வருடத்துக்கு நாலைந்து கப்பல். முந்நூறு பேர்! எங்கள் ஊர்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் வடைக்கு வரிசையில் நின்றவர்கள் அதைவிடக் கூட.

லண்டனில் படித்து, பெரிய ஆசுபத்திரியில் வேலை பார்த்தவன், ஆட்டுக்கும் மீனுக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறான் என்று நான் யாரிடம் சொல்வது? சங்கத்துக்குச் செயலாளர் நான். எல்லோரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு முழு நாட்டின் சுகாதாரத்தையும் உன்னிடம் ஒப்படைத்திருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் இல்லைத்தானே.

இப்போது விஷயம். எட்மண்டனில் இருக்கும் டொக்டர் இராஜேந்திரனின் மகள் தவமலர். மருந்தாளராக இருக்கிறாள். எங்கள் ஆட்கள், தாய்வழி, தகப்பன்வழி இரண்டையும் ஊருக்கு எழுதி விசாரித்தாயிற்று. உன் இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து வந்து இறங்கினவுடன் வைத்துக்கொள்ளலாம். அம்மாவும் ஐயாவும் இல்லாத இடத்தில் நான்தான் பார்க்க வேண்டும். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. இந்த வீட்டில் இனி நடக்கப்போகிற ஒரே கலியாணம் உன்னுடையதுதான் என்பதை மறந்துவிடாதே.

அந்த நேர்ஸ் பெட்டையின் கதை முடிந்த கதை என்று நினைக்கிறேன். அதனால் அதைப்பற்றி எழுதவில்லை.

அண்ணி உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறாள்.

அன்புடன்,
அண்ணை கல்யாணசுந்தரம்

*

ட்ரிஸ்டான் டா குன்யா
27 ஏப்ரல் 1986

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். இங்கே பாதிப் பேருக்கு ஆஸ்துமா இழுப்பு இருக்கிறது; அதை அவர்கள் ஒரு வருத்தமாகவே கணக்கெடுப்பதில்லை. ஆகவே எல்லோரும் சுகம் என்றே எழுதுகிறேன். உங்களுக்கும் அண்ணிக்கும் குளிர் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் புள்ளியின் நடுவில் ஏழாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவான ஓர் எரிமலை நிற்கிறது. சுற்றிலும் செங்குத்துப் பாறை. ஒரு மூலையில் மட்டும் புல் முளைக்கிற சமதரை; அதில்தான் முழு ஊரும் கிழங்குத் தோட்டமும். நெப்போலியனை சென் ஹெலனாவில் அடைத்துவைத்த காலத்தில், அவனை மீட்க யாராவது இந்தப் பக்கத்தால் வந்துவிடுவார்களோ என்று வெள்ளைக்காரன் ஒரு சிறு பட்டாளத்தை இங்கே இறக்கினான். இரண்டுக்கும் இடையில் ஆயிரத்தைந்நூறு மைல்! அடுத்த வருடமே பட்டாளத்தைத் திருப்பி அழைத்தார்கள். ஒரு கோப்ரல் மட்டும் மனைவி பிள்ளைகளோடு இருந்துவிட்டான். பிறகு கப்பல் உடைந்து ஒதுங்கியவர்கள், கப்பலில் இருந்து விலகியவர்கள் என்று ஆண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் தங்களுக்குப் பெண் பார்த்துக் கூட்டி வரும்படி ஒரு கப்பல் தலைவனிடம் சொல்லிவிட, சென் ஹெலனாவிலிருந்து ஐந்து பெண்கள் வந்து இறங்கினார்கள். யார் என்ன சாதி, என்ன பகுதி என்று ஊருக்கு எழுதி விசாரித்ததாகத் தெரியவில்லை. இன்று தீவில் மொத்தம் ஏழு குடும்பப் பெயர்கள்தான்.

கடல் அமைதியான நாளில் விடியவே மணி அடிப்பார்கள். வாத்தியார், தச்சர், தபால் கந்தோர்க்காரர் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு சிங்க இறால் பிடிக்கப் போய்விடுவார்கள். போன கிழமை நானும் போனேன்.

எட்மண்டன் விஷயத்தை வாசித்தேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புள்ள தம்பி,
பாலேந்திரா

*

ஈஸ்ட் ஹாம்
6 ஜூலை 1986

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணிக்கு மூட்டு வலி மட்டும் உண்டு.

நீ மீன் பிடிக்கப் போன பகுதியை நான் அண்ணிக்கு வாசித்துக் காட்டவில்லை. எங்கள் வீட்டுக்கு மீன் வரும், பின்வாசலுக்கு. நாங்கள் மீனிடம் போனதில்லை. ஐயா தலைமை வாத்தியாராக இருந்த ஊரில் இதைக் கேட்டால் எப்படி வாய்விட்டுச் சிரிப்பார்கள் என்று நினைத்துப் பார். போதாததற்கு ஏழு குடும்பம்! பெண் எடுத்ததும் கொடுத்ததும் அதற்குள்ளேயே என்றால் அதுகளுக்கு மூளை எப்படி இருக்கும்? சரித்திரம் என்று நீ எழுதியிருப்பது ஒரு கோப்ரல் வேலையை விட்ட கதை. அதற்கு நாலு பக்கம்.

இங்கே நான் சும்மா இருக்கவில்லை. ஹோம் ஒபிசுக்குக் கொடுக்க நற்சான்றுக் கடிதம் கேட்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டு வாசலில் அகதியாக வந்த ஆட்கள். எந்த ஊர், யாருடைய மகன், எந்தப் பகுதி என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பேனையை எடுக்கிறேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுத ஏலுமா?

இராஜேந்திரன் டொக்டரைக் கோயிலில் கண்டேன். “தம்பி என்னத்துக்கு அவ்வளவு தூரம் போனவர்?” என்று கேட்டார். “ஆஸ்துமா ஆராய்ச்சிக்கு. முடிஞ்ச உடன வந்திடுவார்” என்றேன். உன் படம் ஒன்று கேட்கிறார்கள். கோட் போட்ட படம். வள்ளத்தில் நிற்கிற படம் வேண்டாம்.

அன்புடன்,
அண்ணை

*

ட்ரிஸ்டான் டா குன்யா
14 செப்ரெம்பர் 1986

அன்புள்ள அண்ணைக்கு,

அண்ணியின் மூட்டு வலிக்கு ஒரு மருந்தின் பெயரைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். நான் நல்ல சுகம். படம் அனுப்பவில்லை.

சரித்திரம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, கேளுங்கள். 1961 இல் இந்த மலை வெடித்தது. ஊர் முழுவதையும் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், சவுத்தாம்ப்டன் பக்கத்தில் ஒரு பழைய விமானப்படை முகாமில் இருத்தினார்கள். மின்சாரம், ரெலிவிஷன், சம்பளத்துக்கு வேலை எல்லாம் கிடைத்தது. முதல் குளிரிலேயே சில வயதானவர்கள் நெஞ்சில் சளி கட்டிச் செத்தார்கள். திரும்பிப் போவதா, இருப்பதா என்று பிறகு வாக்கெடுத்தபோது, போவோம் என்று நூற்று நாற்பத்தெட்டுப் பேர். இருப்போம் என்று ஐந்து பேர். என்னிடம் மருந்துக்கு வரும் ஒரு கிழவரிடம் காரணம் கேட்டேன். “எல்லோரும் நல்லவர்கள்தான், டொக்டர். ஆனால் பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்துச் சீட் மட்டும் காலியாகவே இருக்கும்” என்றார்.

எனக்கு உடனே நம்முடைய வீடு நினைவுக்கு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் மார்கழியில் பெர்னடெற்றைக் கூட்டி வந்தேன். எனக்கும் உங்களுக்கும் அண்ணிக்கும் பீங்கான் கோப்பையில் தேநீர். அவளுக்குக் கடதாசிக் கப். அவள் எழும்பிப் போக முன்னமே அண்ணி கதிரையைத் துடைக்கத் துணி எடுத்தா. நீங்கள் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். நான் இந்தத் தீவு வேலைக்கு விண்ணப்பம் போட்டது அடுத்த கிழமை.

அவளும் நானும் இங்கே உள்ள தேவாலயத்தில் கலியாணம் செய்யப் போகிறோம். ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறேன். வெளியார் யாரும் இங்கே வந்து தங்க வேண்டுமானால் தீவுக் கவுன்சில் சம்மதிக்க வேண்டும். அவளுடைய விண்ணப்பம் மாசி மாதம் எடுக்கப்படும். எட்மண்டனுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் எனக்குத் தகப்பன் மாதிரி இருந்தீர்கள். அதனால்தான் மறைக்காமல் எழுதுகிறேன்.

பாலேந்திரா

*

ஈஸ்ட் ஹாம்
16 நவம்பர் 1986

பாலேந்திராவுக்கு,

சுகம் கேட்கிற நிலையில் நான் இல்லை.

பாசையூர்க் கடற்கரையில் மீன் வெட்டினவளின் மகளைக் கட்டுவதற்கு, உலகத்தின் அந்தத்தில் ஒரு மீன்பிடி ஊரைத் தேடிப் பிடித்துப் போயிருக்கிறாய். கெட்டித்தனம்தான். அண்ணி இரண்டு நாளாகச் சமைக்கவில்லை. இராஜேந்திரன் டொக்டருக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை.

ஏனென்றால் இது நடக்காது. கவுன்சில் என்று ஒன்று இருக்கிறதாகச் சொல்கிறாய். எவ்வளவு சின்ன ஊரானாலும் சபை என்று கூடி இருக்கிறவர்களுக்கு ஒரு மானம் மரியாதை இருக்கும். யாரை உள்ளே விடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாததால்தான் இதுவரை பேசாமல் இருக்கிறார்கள்.

கல்யாணசுந்தரம்

*

(ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது, லண்டன் தபால் முத்திரை, கையெழுத்து இல்லை)

20 நவம்பர் 1986

மேன்மைதங்கிய தீவுக் கவுன்சில் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் ஆரோக்கியத்துக்காக இறைவனை இறைஞ்சி, தாழ்மையுடன் அறியத்தருவது என்னவென்றால்:

தங்கள் டொக்டரின் மனைவியாக வர விண்ணப்பித்திருக்கும் பெர்னடெற் என்னும் பெண்ணின் பூர்வீகம் தங்களுக்கு மறைக்கப்பட்டிருக்கிறது. அவளுடைய தகப்பன் வெறும் வள்ளக்காரன். குடித்துவிட்டுக் கடலில் விழுந்து செத்தவன். பாட்டனும் பூட்டனும் அதே தொழில். சகோதரர் நால்வரும் இன்றுவரை கடலுக்குப் போகிறவர்கள். தாய் கடற்கரையில் மீன் வெட்டி விற்றவள். இந்தப் பெண்ணே பத்து வயதில் கிழிந்த வலை பொத்தியதையும், கூடை சுமந்ததையும், இறால் உரித்ததையும் கண்ணால் கண்ட சாட்சிகள் லண்டனில் இருக்கிறார்கள். நேர்ஸ் உடுப்புப் போட்டாலும் அந்தக் கை அதே கைதான்.

அவளை அனுமதித்தால் தங்கள் சமூகத்தின் தரம் என்னவாகும் என்பதைத் தாங்களே சிந்திக்கவும்.

இங்ஙனம்,
தங்கள் நலனை விரும்பும் ஒருவன்

*

ட்ரிஸ்டான் டா குன்யா
8 மார்ச் 1987

அண்ணைக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். அதை இப்போதும் மனதார எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. எனக்கு வந்ததைச் சொல்லவில்லை. கவுன்சிலுக்கு வந்ததைச் சொல்கிறேன்.

பெயரில்லாத கடிதத்தைக் கண்டு இங்கே எல்லோரும் குழம்பிப் போனார்கள். இவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் மதிலுக்கு மேலால் நேரே சொல்லிவிடுகிற ஆட்கள். மொட்டைக் கடிதம் என்றால் என்ன, கலியாணம் குழப்புவதற்கு அதை எப்படி எழுதுவார்கள் என்று நான் விளக்கினேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. சரி, வாசித்துத்தான் பார்ப்போம் என்று மண்டபத்தில் சனத்தைக் கூட்டி வாசித்தார்கள்.

தகப்பன் வள்ளக்காரன் என்ற இடத்தில் முன்வரிசை தலையாட்டியது. பாட்டனும் பூட்டனும் என்ற இடத்தில் ஒருவர் மற்றவரைத் திரும்பிப் பார்த்தார். பத்து வயதில் வலை பொத்தினாள், இறால் உரித்தாள் என்றதும் இறால் தொழிற்சாலைப் பெண்கள் கைதட்டினார்கள். கை அதே கைதான் என்ற வரியைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். இங்கே வந்த டொக்டர்மாரின் மனைவிகளில் ஒருத்திக்கும் மீன் கழுவத் தெரியாதாம். இவ்வளவு நல்ல சிபாரிசு இதுவரை எவருக்கும் வந்ததில்லை, எழுதிய பெரிய மனிதர் அவசரத்தில் பெயர் போட மறந்துவிட்டார், பாவம், நன்றி சொல்லக்கூட வழியில்லை என்றார் சபையில் இருந்த ஒருவர். எதிர்த்து ஒரு கை எழும்பவில்லை. பெர்னடெற் அடுத்த கப்பலில் வருகிறாள்.

நான் சிரித்திருக்க வேண்டும். ஏலவில்லை. ‘மேன்மைதங்கிய சமூகத்துக்கு’ என்று நீங்கள் எனக்கு எழுதித் தந்த புலமைப்பரிசில் விண்ணப்பம் இன்னும் மனப்பாடம். எழுதியது என் அண்ணை என்று எழும்பிச் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்களோ, அப்படியென்றால் அவரையும் ஒரு தரம் வரச் சொல்லுங்கள் என்றார்கள். வருகிற ஒருவருக்காக, அவரை அறிந்தவர் யாராவது இங்கே நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பது ஒழுங்கு. எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை என்று சொல்லி இருந்துவிட்டேன்.

இனி எழுத மாட்டேன்.

பாலேந்திரா

*

ஈஸ்ட் ஹாம்
2 மே 1988

தம்பிக்கு,

இது மூன்றாவது கடிதம். முன்னதுக்கும் பதில் இல்லை, அதற்கு முன்னதுக்கும் இல்லை. முந்நூறு பேருக்கு மருந்து கொடுக்கிறவனுக்கு நாலு வரி எழுத நேரம் இல்லாமல் போகுமா? அல்லது கிழங்கு கிண்டுகிறாயோ?

நான் சுகம். அண்ணிக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை. ஆசுபத்திரியில் சோதித்துப் பார்க்கிறார்கள். பெரிதாக ஒன்றும் இருக்காது. நீ எழுதிய மூட்டு வலி மருந்தை அவள் இன்றுவரை வாங்க விடவில்லை. தாளை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

தவமலருக்குக் கலியாணம் முடிந்துவிட்டது. சங்கத்துக்கு நான் இப்போது போவதில்லை. புதிதாக வந்த பொடியன்கள் எடுத்து நடத்துகிறார்கள். எவன் என்ன பகுதி என்று ஒருவருக்கும் தெரியாது. ஒன்றாக இருந்து சாப்பிடுகிறார்கள்.

உன் தீவில் குளிரோ வெயிலோ, அதையாவது எழுது.

அண்ணை

*

(ஆங்கிலத்தில், கையெழுத்துடன்)

ஈஸ்ட் ஹாம்
5 பெப்ரவரி 1989

தீவுக் கவுன்சில் அவர்களுக்கு,

தாங்கள் யாவரும் நலம் என நம்புகிறேன்.

1986 நவம்பரில் தங்களுக்குப் பெயரில்லாமல் வந்த கடிதத்தை எழுதியவன் நான். என் பெயர் கல்யாணசுந்தரம். தங்கள் டொக்டரின் மூத்த சகோதரன். அது சிபாரிசுக் கடிதம் அல்ல என்பதைத் தாங்கள் விளங்கிக்கொள்ளாதது என் பிழை அல்ல.

என் தம்பிக்குப் பெண் பிள்ளை பிறந்திருப்பதாக வேறு வாயால் கேள்விப்பட்டேன். தங்கள் தீவுக்கு வர மூன்று கிழமை அனுமதி கேட்கிறேன். தனியாகவே வருவேன்.

அறிந்தவர் ஒருவர் நற்சான்று சொல்ல வேண்டும் என்பது தங்கள் ஒழுங்கு. லண்டனில் நான் நற்சான்று எழுதிக் கொடுத்தவர்கள் ஏராளம். எனக்காக எழுத இப்போது அவர்களில் ஒருவரையும் கேட்க எனக்கு மனமில்லை. தங்கள் தீவில் என்னை அறிந்தவர்கள் இரண்டு பேர். தம்பியைக் கேட்க வேண்டாம். திருமதி பெர்னடெற் பாலேந்திராவைக் கேட்கவும்.

இங்ஙனம்,
க. கல்யாணசுந்தரம்

*

ட்ரிஸ்டான் டா குன்யா
21 மே 1989

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

அத்தான் என்று எழுதத் தொடங்கி அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். நாங்கள் மூன்று பேரும் சுகம். உங்கள் சுகத்தை நேர்ஸாகவே கேட்கிறேன்: தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் மனைவி பாலாம்பிகை அக்கா காலமான செய்தியைப் பிளேஸ்டோவில் இருக்கும் என் சகோதரி டொலறஸ் எழுதித்தான் அறிந்தோம். அதுவும் நாலு மாதம் கழித்து. கவுன்சிலுக்கு எழுதிய கடிதத்தில்கூட நீங்கள் அதைச் சொல்லவில்லை. இவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. உங்களுக்கு எழுதச் சொன்னேன். “என்னெண்டு தொடங்கிறது?” என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

கவுன்சில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தது. நீங்கள் என்னைப் பற்றி எழுதியதில் ஒன்றைத் தவிர எல்லாம் உண்மை. என் ஐயா குடித்துவிட்டுக் கடலில் விழவில்லை. மீன் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில் நேவிக்காரரால் சுடப்பட்டார். உங்கள் வீட்டுக்கு நான் வந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் என்ன ஊர் என்று மட்டும்தான் கேட்டீர்கள்.

ஆனபடியால் நானும் உங்களைப் பற்றி உண்மையைச் சொன்னேன். இந்த மனிதருடைய பரம்பரையில் ஒருவரும் வலை தொட்டதில்லை, வள்ளம் தள்ளியதில்லை, கிழங்கு கிண்டியதில்லை, ஒரு மீனைக்கூடக் கழுவியதில்லை என்றேன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார் என்றும் சொன்னேன். பிறகு ஒரு கிழவி, “பாவம் அந்த மனிதர், இத்தனை வருடமும் அவரை யார் பார்த்துக்கொண்டது?” என்று கேட்டா. அந்த இரக்கத்தில்தான் உங்களுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. உங்கள் அந்தஸ்துக்குக் கிடைத்தது என்று நீங்கள் நினைத்துக்கொண்டு வந்து இறங்கக் கூடாது, அதற்காக எழுதுகிறேன்.

நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். மன்னிக்கவில்லை. ஆனால் மகளுக்குப் பெரியப்பா என்று ஒருவர்தான் இருக்கிறார்; அவள் பெயர் மரியநாயகி. நீங்கள் வருவதைப் பற்றி இவர் “வரட்டும், பாப்பம்” என்று மட்டும் சொன்னார். நீங்கள் வருகிற நாளில் கரைக்கு வருவாரோ எனக்குத் தெரியாது. நான் வருவேன்.

ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கப்பல் கரைக்கு வராது, வெளிக்கடலில் நிற்கும். அங்கிருந்து சின்ன வள்ளத்தில் இறக்கிக் கொண்டுவருவார்கள். அலை வள்ளத்தை மேலே தூக்குகிற அந்த ஒரு கணத்தில், மேலே நிற்பவர் நீட்டுகிற கையைப் பிடித்துக் கரையில் கால் வைக்க வேண்டும். யோசிக்க நேரம் இருக்காது. யோசித்தால் வள்ளம் கீழே போய்விடும், இடையில் விழுந்துவிடுவீர்கள். அன்று மேலே நின்று கை நீட்டப்போவது நான்.

என் கையைப் பிடிக்க உங்களுக்கு ஏலுமா என்பதை, கப்பல் ஏற முன் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
பெர்னடெற்